ஒன்பதுக்கு எதிரே ஒரு வெற்றுக் கோடு

அந்த இரண்டு நாட்களும் எனக்குக் காய்ச்சல். அதனாலோ என்னவோ, கண்டியில் நடந்த அந்த மேசை விளையாட்டுக் கண்காட்சியை இப்போது நினைத்தாலும் தண்ணீருக்கு அடியிலிருந்து பார்த்த மாதிரித்தான் இருக்கிறது. சனங்கள் மெதுவாக நடக்கிறார்கள். கரம்போர்ட்டுக் கட்டைகள் எங்கோ தூரத்தில் மோதிக்கொள்கின்றன. வாவிக்கு மேலே சரிவில் ஒரு பழைய மண்டபம், உயரமான ஜன்னல்கள், வெளியே மழையா மூடுபனியா என்று இன்னும் முடிவு செய்யாத ஒரு வெள்ளை. உள்ளே விழுந்த வெளிச்சத்துக்கு நேரமே கிடையாது. காலை பத்து மணியும் பின்னேரம் நாலு மணியும் ஒரே நிறத்தில் இருந்தன.

போர் நிறுத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. வடக்குக்குப் பாதை திறந்திருந்தது. கொழும்பிலிருந்து ஆட்கள் சனி ஞாயிறில் கண்டிக்கு வந்து போகத் துணிந்திருந்தார்கள். அந்தத் துணிச்சலை நம்பித்தான் விளையாட்டுக் கழகம் ஒன்று இந்தக் கண்காட்சியை வைத்தது. கரம் பலகை செய்கிறவர்கள் வந்திருந்தார்கள், சதுரங்கக்காரர்கள் வந்திருந்தார்கள், வெளிநாட்டுப் பெட்டி விளையாட்டுகளைக் கண்ணாடித் தாள் பிரிக்காமலே அடுக்கி வைத்திருந்த கொழும்புக்காரர் ஒருவரும் வந்திருந்தார். எங்களுக்குக் கிடைத்தது கழிவறைக்குப் போகிற வழியில் பள்ளிக்கூட மேசை ஒன்று. அதன் ஒரு கால் குட்டை. என்னோடு வந்திருந்த டீச்சர் அதற்கடியில் நாலாக மடித்த பேப்பரை வைத்துவிட்டு, "பரவாயில்லை, எல்லா ஆக்களும் ஒருக்காவாவது இந்தப் பக்கம் வரத்தானே வேணும்" என்றார். கணக்கு டீச்சர் என்றால் அப்படித்தான். எதிலும் நிகழ்தகவு பார்ப்பார்.

'எங்களுக்கு' என்றேன். நாங்கள் இரண்டே பேர்தான். நான் கண்டி மஹய்யாவையில் பிறந்து வளர்ந்தவள். பிலிமத்தலாவையில் ஓர் அச்சகத்தில் கல்யாணக் கார்டு வெட்டுகிற வேலை. டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். போரில் இடம்பெயர்ந்து அலைந்து, கடைசியில் கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து, எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி ஓர் அறை எடுத்திருந்தார். முதல் தடவை பேசியபோது அவர் என்னை 'நீர்' என்றார். யாழ்ப்பாணத்தில் சமவயதுக்காரரை அப்படித்தான் அழைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரோ விசாரணைக்குக் கூப்பிட்டது போல இருந்தது. ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு கரன்ட் இல்லாத நாளில், மெழுகுதிரி கேட்டுப் போனவள் அங்கேயே உட்கார்ந்து லூடோ விளையாடினேன். அதிலிருந்து ஐந்து வருஷம் அந்த 'நீர்' இல்லாமல் எனக்குப் பொழுது போனதில்லை.

விளையாட்டு எப்படிப் பிறந்தது என்று கேட்டால் இருவரும் இரண்டு கதை சொல்வோம். அச்சகத்தில் மிஞ்சும் மட்டைத் துண்டுகளை முதலாளி எனக்குச் சும்மா தருவார், அதிலிருந்து பிறந்தது என்பேன் நான். தன் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்திலிருந்து பிறந்தது என்பார் டீச்சர். இரண்டும் உண்மை. நான் வெட்டினேன், வரைந்தேன், ஒட்டினேன். எந்தச் சீட்டு எத்தனை தடவை வர வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அச்சகத்தின் வெட்டு மெஷினைக் கெஞ்சி வாங்கி, நாற்பது பெட்டி செய்து முடித்தோம். இந்தத் தீவில் எங்களைவிடச் சின்ன வெளியீட்டாளர் யாரும் இருந்திருக்க முடியாது.

விளையாட்டின் பெயர் 'ஆறு மணிக்குள்ளே'. நாலு பேர் விளையாடலாம். ஆளுக்கு ஒரு வீடு, ஒரு சட்டைப் பொத்தான். பொத்தான்தான் ஆள். தாயக்கட்டையை உருட்டி, டவுனுக்குப் போய், பேக்கரிப் பாண், மண்ணெண்ணெய், மருந்து மூன்றையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். முதலில் திரும்புகிறவர் வென்றவர். ஆனால் நடுவில் எந்த நேரமும் சீட்டுக்கட்டிலிருந்து ஊரடங்குச் சீட்டு வரும். வந்தால், வெளியே நிற்கிறவர் கிட்ட இருக்கிற வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். உள்ளே எடுத்தால் வீட்டுக்காரர் தன் பாணில் ஒன்றை அவருக்குக் கொடுக்க வேண்டும். எடுக்காமலும் விடலாம் என்று வைத்துக்கொண்டால், வெளியே நிற்கிறவர் சாமான் எல்லாவற்றையும் இழந்து தொடங்கிய இடத்துக்கே போவார். எங்கள் இருவர் காலத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை. நாங்கள் அப்படித்தான் கடைக்குப் போய் வந்தோம்.

விதிகள் மொத்தம் பன்னிரண்டு. ஒரு தாளில் போட்டோ கொப்பி எடுத்து ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வைத்திருந்தோம். அதில் ஒன்பது என்ற இலக்கத்துக்கு எதிரே ஒரு கோடு மட்டும்தான் இருந்தது. தட்டினால் வீட்டுக்காரர் திறந்தே ஆக வேண்டுமா, திறக்காமலும் இருக்கலாமா? அந்த ஒரு கேள்வியில் நாங்கள் இருவரும் மூன்று மாதம் சண்டை பிடித்தோம்.

திறக்காமலும் இருக்கலாம் என்று எழுத வேண்டும் என்றேன் நான். டீச்சர் ஒரே பிடியாக மாட்டேன் என்றார். "நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டுச் சனத்தோட சனமா வெளிக்கிட்டு நடந்தனாங்கள். இரவு எந்த வீட்டு வாசல்ல போய் நிண்டாலும் வாங்கோ எண்டுதான் சொன்னவை. முன்னப்பின்னத் தெரியாத ஆக்கள். ஒரு வீட்டில நாப்பது பேர் படுத்தம். திறக்காமல் விடலாம் எண்டு நான் என்ர கையால எழுதினா, அந்தச் சனத்துக்கு நான் என்ன பதில் சொல்லுறது?" என்றார். கடைசியில் ஒரு நாள் கொப்பியை மூடி வைத்துவிட்டு, "அந்த ரூலைப் போடுறதெண்டா நீர் தனியப் போடும். நான் விலகுறன்" என்றார். சொன்னால் செய்கிறவர்.

நான் ஏன் விட்டுக்கொடுக்கவில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் எனக்கு ஒன்பது வயது. நகரசபையில் வேலை பார்த்த அப்பா வீடு வந்து சேரவில்லை. டவுன் பக்கம் புகை தெரிந்தது. அம்மா பின்னறையில் கைக்குழந்தையாக இருந்த தம்பியின் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார். அப்போது முன்கதவை யாரோ தட்டினார்கள். "அக்கா, கொஞ்சம் தெறங்க" என்று ஒரு பெண் குரல். எங்கள் தமிழ்ப் பேச்சு. எங்கள் ஆட்களில் ஒருத்திதான். எங்கள் வீட்டுக் கதவு திறக்கப்படவில்லை. அப்பா பின்னேரம் பின்பக்க ஒழுங்கையால் வந்துவிட்டார். தட்டியது யார் என்று கடைசிவரை தெரியாது. அதற்குப் பிறகு கோயிலில், தண்ணீர்க் குழாயடியில், பஸ்ஸில், எங்கள் பகுதிப் பெண் யாராவது என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தால் தட்டியவள் இவள்தானோ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒரு மட்டை விளையாட்டிலாவது கதவைத் திறக்காமல் விடுவது செய்யக்கூடிய காரியமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அச்சில் வர வேண்டும். நாலு பேர் அதைப் படித்துவிட்டு, சரி, இதுவும் உண்டு என்று தாயக்கட்டையை உருட்ட வேண்டும். அவ்வளவுதான் என் பேராசை.

கண்காட்சிக்குப் போகிறபோது ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். சனிக்கிழமை டீச்சர் சொல்கிறபடி ஆட்டம், கதவைத் திறந்தே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான் சொல்கிறபடி. எது நன்றாக ஓடுகிறதென்று பார்த்து, ஞாயிறு பின்னேரம் விற்காமல் மிஞ்சிய தாள்களிலெல்லாம் பேனையால் எழுதிவிடுவது. தோற்றவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. அதையும் டீச்சர் கொப்பியில் எழுதினார்.

சனிக்கிழமை எனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. டீச்சர் போத்தலில் கொண்டு வந்த கொத்தமல்லித் தண்ணியைக் குடித்துக்கொண்டு, சுவரில் தலையைச் சாய்த்தபடி இருந்தேன். வந்தார்கள், உட்கார்ந்தார்கள், பொத்தான்களை நகர்த்தினார்கள். ஊரடங்கு வந்தது, கதவு திறந்தது, பாண் கொடுத்தார்கள். மறுபடியும் ஊரடங்கு, மறுபடியும் கதவு. யாரும் தோற்கவில்லை, யாருக்கும் அவசரமில்லை. ஓர் ஆட்டம் ஒன்றரை மணி நேரம் போனது. ஒரு பெரியவர் பாதியில் நித்திரையாகிவிட்டார். பொத்தான்கள் எல்லாம் ஒரே வீட்டுக்குள் நெருக்கிக்கொண்டு கிடந்ததைப் பார்த்து டீச்சர் தன்பாட்டில் சிரித்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே வாவியைக் காணவில்லை, வெள்ளைதான் இருந்தது. அந்த மண்டபம் முழுவதும் அப்படியே மிதந்து எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது, நாங்கள் எல்லாரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது. சுகமாக இருந்தது. ஆனால் ஒரு பெட்டிகூட விற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் விதி. காலையிலேயே களை கட்டிவிட்டது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து வந்த ஒரு சிங்களத் தம்பதி விளையாடினார்கள். ஊரடங்கு வந்தபோது கணவனின் பொத்தான் மனைவியின் வாசலில் நின்றது. அந்த அம்மா கொஞ்சமும் யோசிக்காமல் முடியாது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த மனிதர் கெஞ்சியதைப் பார்த்து நாலு மேசைக்காரர் எழுந்து வந்துவிட்டார்கள். வாசலில் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்த பொலிஸ்காரர் இடைவேளையில் வந்து உட்கார்ந்தார். யார் தட்டினாலும் முதலில் அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம், எங்கள் அட்டைகள் பைக்குள் பத்திரமாக இருக்கின்றனவா என்று நினைத்துக்கொண்டே. ஒன்பதாவது விதியை வாயால் சொல்லிக் கொடுத்தே பகலுக்குள் பதினோரு பெட்டி விற்றுவிட்டோம்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒவ்வொரு தடவையும் "திறக்க மாட்டேன்" என்று ஒருவர் சொல்லிச் சிரிக்கும்போதும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இதைத்தானே பார்க்க ஆசைப்பட்டாய், நன்றாகப் பார் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதானே என் ஆசையும். ஆனால் அது இவ்வளவு சுலபமாக இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. டீச்சர் பெட்டிகளைக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று எழுதியவரே அவர்தான், அதனால் கவனமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணி போல அந்தக் கொழும்புக்காரர் வந்தார். புறக்கோட்டையில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தவர். விதித் தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார்.

"ஒம்பதாவது எங்கம்மா? கோடுதான் இருக்கு."

"இன்னைக்குப் பின்னேரம் எழுதிருவோம்" என்றேன்.

"எழுதுங்க, என் கடையில வைக்கிறேன். இன்னும் நூறு பெட்டி செஞ்சு தரணும். ஆனா முழுசா இல்லாத சாமான நான் எடுக்க மாட்டேன். அஞ்சு மணி ரயிலுக்குள்ள சொல்லிருங்க." கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்கு ஒருக்கா வெளையாடிக் காட்டுங்களேன்."

நாலு பேர் வேண்டும். பக்கத்தில் அலவத்துகொடையிலிருந்து வந்திருந்த ஒரு முஸ்லிம் வியாபாரி நின்றார். காலையிலேயே ஒரு தடவை விளையாடியவர். தட்டிய எல்லாருக்கும் கதவைத் திறந்து, பாண் முழுவதையும் கொடுத்து முடித்து, ஆட்டத்தில் கடைசியாக வந்தவர். திறக்காமலும் விடலாம் என்று நான் சொல்லிக் கொடுத்தபோது, "எனக்கு ஏலாது மகள். தட்டின மனிசன வெளிய நிக்க வெச்சிட்டு நான் எப்பிடி உள்ளுக்கு ஈக்கிற? தோத்தா தோத்துட்டுப் போறன்" என்றிருந்தார். டீச்சர் அப்போதும் என்னைப் பார்க்கவில்லை, ஆனால் அவருக்கு மட்டும் கொத்தமல்லித் தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அவரையே திரும்பவும் கூப்பிட்டோம். நானும் டீச்சரும் மற்ற இரண்டு பேர். எங்கள் விளையாட்டை அந்த மண்டபத்தில் நாங்கள் விளையாடியது அதுதான் முதல் தடவை.

நான் சீக்கிரமாகவே வீடு போய்ச் சேர்ந்துவிட்டேன். பாண் ஒன்று இருந்தது, மண்ணெண்ணெய் இருந்தது. மருந்து மட்டும் இல்லை, அடுத்த சுற்றில் அதற்காக மறுபடி வெளிக்கிட வேண்டும். டீச்சர் மூன்றையும் வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அவர் ஜெயிக்க இன்னும் நாலு கட்டம். அந்த நேரம் கடைக்காரர் சீட்டை எடுத்து மேசையில் போட்டார். ஊரடங்கு. டீச்சரின் நீலப் பொத்தான் என் வீட்டு வாசலில் நின்றது.

டீச்சர் விரலை மடக்கி மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார். மற்றவர்களும் இரண்டு நாளும் அப்படித்தான் தட்டினார்கள், அது ஆட்டத்தில் உள்ளதுதான். எனக்கு மண்டபத்துச் சத்தம் எல்லாம் அடங்கிப் போனது. கடைக்காரரின் வாய் அசைந்தது, என்ன சொன்னார் என்று விளங்கவில்லை. திறக்காவிட்டால் டீச்சர் தோற்பார், ஆட்டம் எனக்கு. கெட்டிக்காரர் யாராக இருந்தாலும் திறக்க மாட்டார். "ஒரு நிமிஷம்" என்று எழுந்து வெளியே வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

மழை நூலாக விழுந்துகொண்டிருந்தது. கீழே வாவி மெல்ல மெல்லத் தெரியத் தொடங்கியது, கரைமதில் முதலில், பிறகு நடுவில் தீவு. பின்னால் டீச்சர் வந்து நின்றார்.

"காய்ச்சல் கூடிற்றோ? வீட்டை போவமா?"

எண்பத்து மூன்றில் எங்கள் கதவைத் தட்டிய குரலைப் பற்றிச் சொன்னேன். மழையைப் பார்த்துக்கொண்டே, நிறுத்தாமல் சொன்னேன். டீச்சர் என் தோளில் கை வைத்தார்.

"ஒன்பது வயசுப் பிள்ளை. அம்மா திறக்க வேண்டாம் எண்டா நீர் என்ன செய்யிறது?"

"அம்மா அப்படிச் சொல்லல டீச்சர்."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"அம்மாவுக்குப் பின்னறையில சரியா கேக்கல. யாரு பாப்பா, யாரோ தட்டுற மாதிரி இருக்கேன்னு கேட்டாங்க. ஆளுன்னு சொல்லியிருந்தா ஓடி வந்து தெறந்திருப்பாங்க, அவங்க அப்படித்தான். எனக்குப் பயம். யாரும் இல்லம்மா, காத்துன்னு சொன்னேன். நான் சொன்னது வெளிய நின்ன அவங்களுக்கும் கேட்டிருக்கும். அதுக்கப்புறம் அவங்க தட்டவே இல்ல."

இருபது வருஷத்தில் முதல் தடவையாக அதைச் சத்தமாகச் சொன்னேன். அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அம்மா, அது காற்று என்று நம்பியபடியே இறந்துபோனார்.

டீச்சர் ஆறுதல் சொல்லியிருந்தால் நான் அவரை அடித்திருப்பேன். என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, உள்ளே போனார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனபோது, அவர் விதித் தாள் ஒன்றை மேசையில் விரித்து, பேனையைத் திறந்து, ஒன்பதுக்கு எதிரே கோட்டின் மேல் எழுதிக்கொண்டிருந்தார். கரும்பலகையில் எழுதுகிற அதே நேர் எழுத்து. எழுதி முடித்து எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"வீட்டுக்காரர் கதவைத் திறக்காமலும் இருக்கலாம். ஆனால், தட்டியவரின் முகத்தைப் பார்த்துத்தான் அதைச் சொல்ல வேண்டும். யாரும் இல்லை என்று சொல்லக் கூடாது."

"இதென்னம்மா ரூல்?" என்றார் கடைக்காரர்.

"இதுதான் ரூல்" என்றார் டீச்சர். பிறகு தன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து என் பக்கம் திரும்பினார். "இப்ப சொல்லும்."

அலவத்துகொடைக்காரர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். பலகையில் என்னிடம் இருந்ததை எண்ணிப் பார்த்தேன். பிறகு தலையை நிமிர்த்தி டீச்சரைப் பார்த்தேன். அவர் கண் சிவந்திருந்தது.

"பாண் ஒன்னுதான் இருக்கு டீச்சர்" என்றேன். "உள்ள வாங்க."